நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டு நான் எழுதிய சான்று

நேற்றுக் கிளிநொச்சியில் ஆசிரியர் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்கு எழும்பிய பிறகு, உங்களில் ஒருவர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். பெயர் சொல்லமாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்கே தெரியும். துணுக்காய்ப் பக்கத்து மாணவி ஒருத்திக்காக அவர் எழுதியது. அவளுடைய வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள்தான். இப்போது மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். 'ஐயா ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்கோ' என்றார். முதல் வரியை வாசித்தேன். 'மிகவும் வறிய கமக்காரக் குடும்பம் ஒன்றிலே பிறந்த இப்பிள்ளை' என்று தொடங்கியது. அதற்கு மேல் வாசிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் நல்ல மனசுக்காரர். எனக்குப் பயம் தருவதும் அதுதான். கெட்ட மனசுக்காரன் செய்கிற கேட்டைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்து விலகிக்கொள்வார்கள். நல்ல மனசுக்காரன் கண் கலங்கிக்கொண்டு வந்து செய்கிற கேட்டுக்கு அவர்கள் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் அப்படி ஒரு நல்ல மனசுக்காரனாக இருந்தவன். அதனால் ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தைப் பாழாக்கினேன். முழு வாழ்க்கையையும் பாழாக்கியிருப்பேன். அவளுடைய தகப்பன் நல்ல நேரம் கோபக்காரனாக இருந்தார்.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காரன். ஐம்பதுகளில் முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞான ஆசிரியராக மாற்றலாகி வந்தேன். வன்னிக்கு மாற்றல் என்றால் ஏதோ தண்டனை என்று எங்கள் ஊரில் நினைத்த காலம். 'அங்கை மலேரியாவும் யானையும்தான்' என்று சொல்லி அனுப்பினார்கள். வந்தபோது என் பெட்டிக்குள் உடுப்போடு கொஞ்சம் இரக்கத்தையும் அடுக்கிக்கொண்டு வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு நான் ஏதோ கொடுக்க வந்தவன் என்ற நினைப்பு. அவர்களிடம் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதைய தலைமை ஆசிரியர் அருமையான மனிதர். எனக்கு எத்தனையோ தொழில் சொல்லித் தந்தவர். சான்றிதழ் எழுதுவதற்கு அவரிடம் ஒரு வாசகம் இருந்தது. தட்டச்சில் அடித்து, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒழுக்கம், அடக்கம், கீழ்ப்படிவு, வறுமை என்ற நாலும் அதில் வரிசையாக வரும். 'தம்பி, இந்த நாலும் இருந்தால் வாசிக்கிறவன்ரை மனம் இளகும். இளகினால் கதவு திறக்கும்' என்பார். சிற்றூழியர் வேலைக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் அந்தக் கதவு திறந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எல்லாக் கதவுக்கும் அதுதான் திறப்பு என்று நம்பிவிட்டேன்.

இனி மெற்றில்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொக்கிளாய்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளை. தகப்பன் சூசைப்பிள்ளை சோளகக் காற்று வீசும் காலத்தில் கடலுக்குப் போவார். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால், முகத்துவாரத்தால் கடலோடு சேர்ந்த களப்பில் இறங்கி இறால் பிடிப்பார். மகள் முல்லைத்தீவில் கன்னியர் மடத்து விடுதியில் நின்று எங்களிடம் படித்தாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் இருக்கிற இடம் தெரியாது.

அவளுக்குப் பதினாலு வயதிருக்கும்போது ஒரு நாள் விஞ்ஞானக் கொப்பி திருத்தினேன். கொப்பியின் பின்பக்கத்தில், தலைகீழாகத் திருப்பி, கோடு கோடாக ஏதோ எழுதியிருந்தாள். திகதி, மழை, காற்று, நிலா, பெரிய இறால் எத்தனை கூடை, சின்ன இறால் எத்தனை கூடை. விடுமுறையில் வீட்டுக்குப் போகிற நாளெல்லாம் எழுதியிருந்தாள். போகாத நாள்களுக்குத் தம்பியைக் கொண்டு எழுதுவித்திருந்தாள். எனக்கு வந்தது எரிச்சல். 'விஞ்ஞானக் கொப்பிக்குள்ளை என்ன பிள்ளை இறால் கதை? கிழிச்செறியும்' என்று வகுப்புக்கு முன்னாலேயே சொன்னேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் 'ஓம் சேர்' என்றாள். அந்த வாரப் பாடம் 'அவதானித்தலும் பதிவு செய்தலும்'. இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பாடக் குறிப்பு இன்னமும் என்னிடம் இருக்கிறது.

பிறகு அவள் யாழ்ப்பாணத்தில் உயர்வகுப்புப் படித்து, பல்கலைக்கழகம் புகுந்து, விலங்கியலில் சிறப்புப் பட்டம் எடுத்தாள். கொக்கிளாயில் அப்படி ஒரு பட்டத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் தெரிவுக் குழு ஒன்று கொழும்பில் இருந்தது. அதற்கு விண்ணப்பிக்க இரண்டு கடிதம் வேண்டும். ஒன்று பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவரிடமிருந்து. மற்றது, பள்ளிக் காலம் தொட்டு விண்ணப்பதாரியை அறிந்த ஒருவரிடமிருந்து. அவள் என்னிடம் வந்தாள்.

எழுதுவதற்கு முதல் வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கொக்கிளாய்க்குப் போனேன். முன்பும் இரண்டு மூன்று தரம் போயிருக்கிறேன். ஓலை வேய்ந்த வீடு, மணல் நிலம், முற்றத்தில் காயும் வலை. சூசைப்பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தித் தான் வலைக்குப் பக்கத்தில் குந்தினார். மனைவி குசினிக்குள்ளிருந்து சிவப்பரிசிச் சோறும் நண்டுக்கறியும் கொண்டுவந்தா. மூன்றாம் தரம் சோறு போட வந்தபோது நான் கையை விரித்து மறைத்தேன். அப்படியும் போட்டா. நன்றாகச் சாப்பிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இருந்து அந்த ஓலைக்கூரையையே நினைத்து உருகினேன்.

அன்று பின்னேரம் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். ஒருநேரக் கஞ்சியோடு படுக்கைக்குப் போகும் குடும்பம் என்று எழுதினேன். மற்ற ஆறு பிள்ளைகளும் இவளுடைய கையை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று எழுதினேன். ஒரு நாளும் குரல் உயர்த்தாதவள், எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், அனுதாபத்துக்கு முற்றிலும் உரியவள் என்று எழுதினேன். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, 'கேக்க அழுகை வருதப்பா' என்றா. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்கும் நானே பழக்கினேன். சப்பாத்துப் போட்டு நடக்கப் பழக்கினேன், ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லப் பழக்கினேன். 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். களப்பு, வலை, இறால் எண்டு தொடங்காதையும். புத்தகத்திலை உள்ளதைச் சொல்லும்' என்றேன். 'ஓம் சேர்' என்றாள். மாங்குளத்தில் ரெயில் ஏற்றி அனுப்பினேன்.

திரும்பி வந்தவள், 'கிடைக்கேல்லை சேர்' என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குப் போயிருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த வருடம் அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். ஒரே கட்டடத்தில் இருந்தும் என் கண்ணில் படாமலே நடந்து திரிந்தாள். தோல்வியில் வெட்கப்படுகிறாள் என்று அதற்கும் இரக்கப்பட்டேன். என்னிடம் இரக்கத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

அடுத்த வருடம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இங்கிலாந்தில் கரையோர உயிரினங்களை ஆராயும் ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்து அவருக்கு நேரே எழுதியிருக்கிறாள். அவர் விண்ணப்பப் படிவம் அனுப்பியிருந்தார். இங்கும் பள்ளி ஆசிரியரின் கடிதம் வேண்டும். இதை அவளிடமிருந்து நான் அறியவில்லை. படிவத்தின் பிரதியை அலுவலகத்தில் விட்டிருந்தாள். எழுதுவினைஞர் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 'சேர், முடிஞ்சால்' என்று ஒரு துண்டு குத்தியிருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போன தரம் போதிய அளவு உருக்கமாக எழுதவில்லை என்று நினைத்தேன். இந்தமுறை இரண்டு பக்கம் எழுதினேன். கடலில் உயிரைக் கொடுத்து உழைத்தும் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்க வழியற்ற தந்தை என்று ஒரு வசனம் சேர்த்தேன். கடித உறைக்குள் வைத்து விலாசமும் எழுதி வைத்துவிட்டேன்.

மாரி தொடங்கிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. தபால் ஏற்றும் பஸ் மூன்று மணிக்குப் போகும். அதை விட்டால் திங்கட்கிழமைக்குள் வீதியை வெள்ளம் மூடினாலும் மூடும். விமானத் தபாலில் அன்றே போனால்தான் கடைசித் திகதிக்கு மட்டுமட்டாகப் போய்ச் சேரும். பதினொரு மணிபோல் சூசைப்பிள்ளை அலுவலக வாசலில் நின்றார். இடுப்பில் சாரம், தோளில் துவாய், இரண்டும் நனைந்திருந்தன. அவருக்குப் பின்னால் மெற்றில்டா ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ சூசைப்பிள்ளை, இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை.

"மாஸ்ரர், எங்கடை வீட்டை எத்தினை தரம் வந்திருக்கிறியள்?"

"மூண்டு நாலு தரம் வந்திருப்பன்."

"வந்த நேரம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை. "கடைசியா வந்தண்டைக்கு நண்டுக்கறி" என்றேன்.

"சோறு காணாமல் போனதோ?"

"இல்லை."

"நீங்கள் கேட்டுப் போட்டமோ, கேளாமல் போட்டமோ?"

"கேளாமல்தான் போட்டியள்."

"அப்ப ஒருநேரக் கஞ்சியோடை படுக்கிற சனம் எண்டு ஆரைப் பாத்து எழுதினனீங்கள்? என்ரை வீட்டை இருந்து நண்டுக்கறி சாப்பிட்டுப் போய், நாங்கள் பட்டினி எண்டு எழுதிப்போட்டியள். நான் எண்டைக்காவது உங்களிட்டைக் கை நீட்டினனானோ?"

அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் மெற்றில்டாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"சொல்லு பிள்ளை" என்றார் தகப்பன். "நேற்றுத்தான் எனக்கே சொன்னவள் மாஸ்ரர். ஒரு வருசம் வாய் திறக்கேல்லை. இந்தமுறை உங்களிட்டை நேரை வந்து கடிதம் கேக்க மாட்டன் எண்டு நிண்டவள். ஏன் எண்டு கேட்டால் அழுகிறாள். சொல்லு."

அவள் சொன்னாள். கொழும்பில் அந்தக் குழுவின் தலைவர் என் கடிதத்தை எடுத்து அவள் முன்னாலேயே உரக்க வாசித்திருக்கிறார். மிக அன்பாக வாசித்தாராம். 'உமது ஆசிரியர் தங்கமான மனிதர்' என்றாராம். பிறகு, வீட்டில் எத்தனை சகோதரங்கள், கடைசிப் பிள்ளைக்கு எத்தனை வயது, தகப்பனுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'இவ்வளவு கஷ்டப்படும் குடும்பத்திலிருந்து உம்மை மூன்று வருடம் பிரித்து வைப்பது பாவம். உமது ஆசிரியரின் கடிதத்தை வாசித்தபின் எங்கள் மனச்சாட்சி அதற்கு இடம் தராது. உடனே ஒரு தொழிலுக்குப் போம்' என்றிருக்கிறார்.

"விலங்கியலிலை என்ன கேட்டவை?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கேக்கேல்லை சேர்."

"ஒண்டுமே?"

"எனக்கு முன்னாலை போனவர் ஒரு வழக்கறிஞற்றை மகன். அவரைத் தவளையின்ரை இதயத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கேட்டவையாம். என்னைக் கேட்டது வீட்டுக் கதைதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னனீங்கள். நான் அப்பிடியே சொன்னன்."

நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கறிஞருடைய வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அவருடைய மகன் வெளிநாடு போனால் அவனுடைய தம்பிமார் என்ன ஆவார்கள் என்று யாருடைய மனச்சாட்சியும் வருந்தவில்லை. அவனிடம் இதயத்தைப் பற்றிக் கேட்டார்கள். இவளிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கதிரைகளில் இருந்த கனவான்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஆனால் அடுப்பைக் கொண்டுபோய் அவர்களுடைய மேசையில் வைத்தவன் நான். மறுப்பதற்கு அவர்கள் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காரணத்தை நானே நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருந்தேன்.

சூசைப்பிள்ளையின் கண் மேசையிலிருந்த உறையில் விழுந்தது. "இது இந்த முறைக் கடிதமோ?"

"ஓம்."

"என்ன எழுதியிருக்கு? தமிழிலை சொல்லுங்கோ."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் பக்கத்திலேயே நின்றாள். உறையைப் பிரித்து, அந்த உடுப்பு வசனத்தைத் தமிழில் சொன்னேன். அவர் திரும்பி மகளை மேலும் கீழும் பார்த்தார். நல்ல நீலச் சேலை உடுத்தியிருந்தாள். "அப்ப இவள் உடுத்தியிருக்கிறது என்ன மாஸ்ரர்?" என்றார்.

என் முப்பத்தெட்டு வயது வரை நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை. இரண்டு பக்கத்தையும் அவர் முன்னாலேயே நாலாகக் கிழித்தேன். புதுத் தாள் எடுத்து வைத்தேன். பேனையைத் திறந்தேன். மணி பதினொன்றரை.

அப்போதுதான் அடுத்த அடி விழுந்தது. எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. ஆறு வருடம் படிப்பித்தேன், ஒரு வருடம் கூட வேலை செய்தேன். வறுமையையும் அடக்கத்தையும் எடுத்துவிட்டால் அவளைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியவில்லை. அவள் என்ன ஆராயப் போகிறாள் என்றுகூட நான் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டு அப்போது கேட்டேன்.

"இறால் சேர்" என்றாள். குரல் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. "களப்பிலை வளர்ந்த இறால் எப்ப கடலுக்குப் போகுது, ஏன் போகுது எண்டு."

"அதிலை ஆராய என்ன இருக்கு?" என்று சூசைப்பிள்ளை குறுக்கிட்டார். "முதல் பெருமழை பெய்யத் தண்ணி இனிக்கும். இனிச்ச உடனை இறால் முகத்துவாரத்துக்கு ஓடும். என்ரை அப்புவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"இல்லை அப்பு."

அந்தச் சொல்லைக் கேட்டு நான் நிமிர்ந்தேன். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"என்ன இல்லை?"

"மழைக்கு எல்லா இறாலும் ஓடேல்லை. பெரிசுதான் ஓடினது. சின்னன் அடுத்த அமாவாசை வரை நிண்டது. மூண்டு வருசம் அப்பிடித்தான் நடந்திருக்கு."

"அந்த வருசங்களிலை காத்து வேறை."

"காத்தும் எழுதியிருக்கிறன் அப்பு."

நெஞ்சோடு அணைத்திருந்த பைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். பழைய விஞ்ஞானக் கொப்பியின் பின் தாள்கள் முன்னுக்கு இருந்தன. அவற்றோடு வேறு கொப்பித் தாள்களைச் சேர்த்து வலை முடிகிற நூலால் தைத்திருந்தாள். முதல் பக்கத்தில் என் சிவப்பு மைக் கோடு குறுக்காகக் கிடந்தது. நான் கிழிக்கச் சொன்ன தாள். எட்டு வருடத்துக்கு மேலாக, பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலும், தம்பிமாரையும் தங்கச்சிமாரையும் மாறி மாறி எழுதச் சொல்லித் தொடர்ந்திருக்கிறாள். தகப்பனும் மகளும் என் மேசையில் கொப்பியை விரித்து வைத்து வாதாடினார்கள். அவர் ஒரு மாரியைச் சொன்னார். அவள் பக்கத்தைப் புரட்டி அந்த மாரியைக் காட்டினாள். அவர் இன்னொன்றைச் சொன்னார். அவள் அதையும் காட்டினாள். ஒரு தரம் அவர் சொன்னதுதான் சரி என்று அவளே ஒப்புக்கொண்டு பென்சிலால் குறித்தாள். இரண்டு பேரும் என்னை மறந்துபோனார்கள். குரல் உயர்த்தாதவள் என்று நான் சான்று கொடுத்த பிள்ளையின் குரல் அடுத்த வகுப்பறை வரை கேட்டது.

நான் எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'இவர் கீழ்ப்படிவானவர் அல்லர்' என்று தொடங்கினேன். 'நாற்பது வருட அனுபவமுள்ள ஒருவரோடு இவர் இன்று என் முன்னால் வாதிட்டார். ஆதாரம் இருந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் விட்டுக்கொடுத்தார்' என்று எழுதினேன். கொப்பியில் என்ன இருக்கிறது என்று விபரித்தேன். கடைசி வரி இது: 'இவருக்குப் பதினாலு வயதாக இருந்தபோது இந்தப் பதிவைக் கிழித்தெறியுமாறு நான் கட்டளையிட்டேன். இவர் கிழிக்கவில்லை. விஞ்ஞானத்தில் இவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுவே.'

மெற்றில்டா வாசித்துவிட்டு, "சேர், இது உங்களுக்கு மரியாதையில்லையே" என்றாள். "எனக்கு மரியாதை தேடுற கடிதமில்லை பிள்ளை" என்றேன். சூசைப்பிள்ளைக்குத் தமிழில் சொன்னேன். கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, முதன்முறையாகக் கதிரையில் இருந்தார். இரண்டரை மணிக்கு மூன்று பேருமாக மழையில் நடந்து தபாலகத்துக்குப் போனோம்.

இரண்டு மாதத்தில் அந்தப் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. தகப்பன் என்ன தொழில், எத்தனை சகோதரங்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: காற்றின் திசையை எந்தக் கருவியால் அளந்தீர்? நான் பதறிப்போனேன். ஏதாவது கருவியின் பெயரை எழுதச் சொல்ல வாய் உன்னியது. நல்ல காலம், அடக்கிக்கொண்டேன். 'தகப்பனாரின் சுருட்டுப் புகையால்' என்று அவள் எழுதினாள். அடுத்த தபாலில் அனுமதிக் கடிதம் வந்தது. படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. கொப்பியையும் கொண்டுவரும்படி கேட்டிருந்தார்கள்.

அவள் கப்பலேறி ஒரு மாதத்தில் ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. 'ஏழை மீனவரின் மகள் இங்கிலாந்து சென்றாள்' என்று தலைப்பு. குடிசை, கஞ்சி, கண்ணீர் எல்லாம் இருந்தன. இறால் இல்லை. வாசித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வாரம் சூசைப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிரித்தேன். உள்ளே இறால் கருவாடு. சுற்றியிருந்த தாள் அந்தச் செய்தி.

"பாத்தனீங்களோ?" என்றேன். "நான் பத்திரிகைக்கு எழுதப்போறன் சூசைப்பிள்ளை. இப்பவே எழுதுறன்."

"வேண்டாம் மாஸ்ரர்" என்றார். "எங்களைப் பற்றி நீங்கள் எழுதினது காணும்." பிறகு சிரித்தார். "இறாலைச் சாப்பிடுங்கோ. கஞ்சிக்கு நல்லாயிருக்கும்."

இப்போது அந்தத் துணுக்காய்ப் பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு சொல். உங்கள் கடிதத்தை நான் திருத்தப் போவதில்லை. அதில் திருத்த ஒன்றும் இல்லை, இலக்கணமெல்லாம் சரிதான். அவளுக்கு உதவிப் பணம் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் படிவம் இருக்கும். அங்கே வருமானத்தை உள்ளபடி எழுதட்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அவளுடைய மூளைக்குச் சாட்சி கேட்ட இடத்தில் அவளுடைய தகப்பனின் வயலைக் காட்டி அழ உங்களுக்கு உரிமை யார் தந்தது? உங்களால் முடியாத எதை அவள் செய்கிறாள்? அதற்குப் பதில் தெரியாவிட்டால் பேனையை மூடி வையுங்கள்.

கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தோடு குத்தியிருந்த படிவத்தில் பார்த்தேன். நாளைக்கே என் வீட்டுக்கு வாருங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் அவளிடம் வீட்டு நிலைமை கேட்கமாட்டேன். நீங்கள் ஒரு நாள் கிழிக்கச் சொன்ன கொப்பி ஏதாவது இருக்கும். அதை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.